200-500-க்கு 1.4 டெலிகன்வெர்ட்டர்: மணக்குடி உப்பளத்தில் எடுபடுமா?

தேரூர்_கொக்கு | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி7200 கேமரா, அதோடு 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ். மூன்று வருசமாக இதை வைத்துத்தான் ஓடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர் குளம், சுசீந்திரம் குளம், மணக்குடி, புத்தளம் என்று இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறவன் நான்.

இன்றைக்குக் காலையில் மணக்குடி உப்பளத்தில் ஏழு பூநாரை. நான் நின்ற வரப்புக்கும் அவை நின்ற பாத்திக்கும் நடுவில் நானூறு மீட்டராவது இருக்கும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் ஏழு குச்சி. அதற்கு மேல் பக்கத்தில் போனால் பறந்துவிடும், போகவும் மனசில்லை.

நாகர்கோவிலில் ஒருத்தர் நிக்கானின் 1.4 டெலிகன்வெர்ட்டர் (டிசி; கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டி உருவத்தை 1.4 மடங்கு பெரிதாக்குகிற கண்ணாடி), 14இ மூன்றாவது பதிப்பு, விற்கிறார். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல் என்கிறார். 500, 700 ஆகிவிடும் இல்லையா? கூடவே இரண்டு மடங்கு டிசியும் ஒன்று வைத்திருக்கிறார், அதை வாங்கினால் 1000! நிஜமாகப் போட்டு அடித்தவர்கள் சொல்லுங்கள். யூடியூப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது.

முட்டம்_முனை | ஞாயிறு, இரவு 9.40

வாங்கிப் போடு மக்கா. 1.4-இல் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

பழையாறு | ஞாயிறு, இரவு 10.55

முட்டம் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவரிடம் இருப்பது 300 எஃப் 2.8 என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார் பாருங்கள். அதில் 1.4 போட்டாலும் எஃப் 4-தான் (எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம்). அப்படிப்பட்டவருக்கு எந்த டிசியும் இனிக்கத்தான் செய்யும்.

தம்பி, கணக்கை ஒரு தரம் போட்டுப் பார். உன் லென்ஸில் 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ. வெளிச்சம் நுழைகிற வாசலின் அகலம் அது. டிசி போட்டாலும் அந்த வாசல் அகலமாகப் போவதில்லை, அதே 89-தான். நீளம் மட்டும் 700. 700-ஐ 89-ஆல் வகுத்தால் எஃப் 8. ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போச்சு என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அது டிசியின் குறை இல்லை, அதே வெளிச்சத்தைப் பெரிய படமாக விரிக்கிறோம், அவ்வளவுதான். சென்சாரின் உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றணும்: 800-இல் எடுத்ததை 1600-இல் எடுக்கணும்.

உன் கேமரா பாடிதான் அடுத்த சிக்கல். டி7200-இல் ஐம்பத்தொரு ஃபோகஸ் புள்ளி இருக்கிறது. எஃப் 8 என்று வந்துவிட்டால் நடுப்புள்ளி ஒன்று மட்டும்தான் வேலை செய்யும். நிற்கிற பறவைக்குச் சரி. பறக்கிற ஆலாவை ஒரே புள்ளியில் பிடித்து வைத்துக்கொள்ள உன் கைக்கு முடிந்தால் எனக்கும் சொல்லிக் கொடு.

இரண்டு மடங்கு டிசி உனக்கு வேண்டவே வேண்டாம். எஃப் 11 ஆகிவிடும், வியூஃபைண்டர் வழியாக ஆட்டோஃபோகஸ் எடுக்காது. கையால் திருப்பி எடுத்தாலும் பலன் இல்லை. எஃப் 11-இல் ஒளி தன்னாலேயே விரிந்து ஒரு புள்ளி 15 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். உன் சென்சாரில் ஒரு பிக்சல் 4 மைக்ரான்கூட இல்லை. ஏறக்குறைய நாலு பிக்சல் அகலத்துக்குப் பூசி மெழுகிய மாதிரி விழும். படம் பெரிதாக இருக்கும், அதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

தேரூர்_கொக்கு | ஞாயிறு, இரவு 11.20

ரொம்ப நன்றி அண்ணே. 2-ஐ விட்டுவிட்டேன். ஆனால் 1.4-க்கும் கிராப் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? என்னிடம் 24 மெகாபிக்சல் இருக்கிறதே, நடுவில் வெட்டி எடுத்தால் போதாதா?

பழையாறு | திங்கள், காலை 6.30

700 காட்டுகிற அளவுக்கு 500-ஐ வெட்டினால் உன் கையில் மிஞ்சுவது 12 மெகாபிக்சல். டிசி போட்டால் அதே இடத்துக்கு 24-ம் கிடைக்கும். பேச்சளவில் இரண்டு மடங்கு பிக்சல். லென்ஸின் குறையையும் டிசி 1.4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அதனால் நிஜத்தில் அவ்வளவு வராது. நல்ல லென்ஸ், நல்ல வெளிச்சம், ஆடாத கை, மூன்றும் இருந்தால் கிராப்பை விட நன்றாகவே இருக்கும். ஒன்று குறைந்தாலும் கிராப்புக்குச் சமம்தான், சில நாள் அதைவிடவும் மோசம்.

உன் பூநாரைக்கு வருவோம். நின்றால் ஏறக்குறைய நாலரை அடி. 400 மீட்டரில் நிற்கிறதை உன் 500 சென்சாரில் 1.7 மி.மீ. உயரத்துக்கு வரையும். 430 பிக்சல் என்று வை. டிசியோடு 600. அதே பறவை 200 மீட்டருக்கு வந்தால் டிசி இல்லாமலே 870 பிக்சல்.

உப்பளத்து_நிழல் | திங்கள், காலை 8.05

இரண்டு பேரும் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறீர்கள். நடுவில் இருக்கிற காற்றைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே.

எங்கள் குடும்பம் சாமிதோப்பு பக்கம் உப்புப் பாத்தி பார்த்த குடும்பம். இருபது வருசத்துக்கு மேல் அந்த வரப்பில்தான் கேமராவோடு கிடக்கிறேன். கேளு தம்பி. வெயில் ஏறினால் வரப்பு சூடாகும், பாத்தியில் தண்ணீர் சூடாகும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் சூடாகாது. சூட்டுக் காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கு மாறி மாறிப் புரளும். அதன் வழியாக நானூறு மீட்டர் தள்ளிப் பார்க்கிறாய். ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு நெடுங்கால் உள்ளான் ஒன்றைத் தொடர்ந்து பத்து படம் எடுத்தேன். அதன் கால் சிவப்பு நூல் மாதிரி நேராக இருக்கணும். பத்து படத்திலும் பத்து விதமாக நெளிந்து கிடக்கிறது. ஒன்றில் முழங்காலே இரண்டு இடத்தில் இருக்கிறது. மூன்றாவது படத்தில் கண் கூர்மையாக விழுந்திருக்கிறது, நாலாவதில் கண்ணே இல்லை. லென்ஸ் அதேதான், டிரைபாட் அதேதான், ஷட்டர் 1/2000. பிழை முழுக்கக் காற்றில்.

அந்தக் காற்றை 1.4 மடங்கு பெரிதாக்கி என்ன செய்யப் போகிறாய்?

நான் பார்க்கிற அடையாளம் இதுதான்: வியூஃபைண்டரில் தூரத்து உப்பு அம்பாரத்தின் விளிம்பைப் பார். வெள்ளைக்கோடு கத்தி போல நின்றால் டிசியைப் போடு. உலையில் அரிசி கொதிக்கிற மாதிரித் துள்ளினால் டிசியைக் கழற்று. ரொம்பத் துள்ளினால் கேமராவையே பையில் வைத்துவிட்டு ஒரு சாயா குடிக்கப் போ. தை, மாசி மாதத்தில் எனக்கு ஏழரை மணி வரைக்கும் கோடு நிற்கும். மேகம் மூடின நாள் என்றால் பத்து வரைக்கும் போகும்.

முட்டம்_முனை | திங்கள், காலை 8.31

அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. நானும் டிசிதான் மோசம் என்று நினைத்து ஒன்றை விற்றேன். விற்ற பிறகுதான் தெரிந்தது, பத்து மணிக்கு மேல் போய் எடுத்தது என் தப்பு என்று.

மார்த்தாண்டம்_மழை | திங்கள், மதியம் 1.15

நான் சோனி 200-600 வைத்திருக்கிறேன், அதற்குரிய 1.4-உம் இருக்கிறது. போட்டால் 840, எஃப் 9. மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கேமரா) என்பதால் ஃபோகஸ் சென்சாரிலேயே நடக்கிறது, எஃப் 9-இலும் பறவையின் கண்ணைப் பிடிக்கிறது. பழையாறு சொன்ன நடுப்புள்ளிக் கஷ்டம் எனக்கு இல்லை. வெளிச்சம் குறைந்தால் தடுமாறும், அது வேறு.

ஆனால் எனக்கு நேர்மாறான தொல்லை. நான் கடற்கரைக்கு வருவது குறைவு, கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம்தான் போகிறேன். அங்கே கானல் கிடையாது, மழை பெய்து ஓய்ந்த காலையில் காற்று கழுவி விட்ட மாதிரி இருக்கும். வெளிச்சம்தான் இல்லை. காட்டுக்குள் சாம்பல் இருவாச்சி ஒன்று கிளையில் உட்கார்ந்திருந்தது. எஃப் 6.3, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 6400. அதே இடத்தில் டிசியைப் போட்டேன், 12800. வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிசி போட்ட படத்தில் இறகு முழுவதும் மணல் கொட்டின மாதிரி. டிசி இல்லாமல் எடுத்ததை வெட்டிப் போட்டதுதான் தெளிவு.

நம் மாவட்டத்தின் லட்சணம் இது. கடலோரத்தில் வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, காற்று விடாது. மலையில் காற்று சுத்தம், மரம் வெளிச்சத்தை விடாது. ஒரு மணி நேர ஓட்டத்தில் இரண்டும் இருக்கிறது, டிசிக்குத் தோதான இடம்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது. எனக்கு அது நன்றாக வேலை செய்த ஒரே இடம் பேச்சிப்பாறை அணைக்கரை. தண்ணீர், திறந்த வானம், காலைக் குளிர். அங்கே ஒரு செம்பருந்தை எடுத்தேன், இன்றைக்கும் அதுதான் என் செல்போன் முகப்பு.

(காட்டுக்குள் போகிறவர்கள் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். 2008-இலிருந்து அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம். கேமராப் பையைப் பார்த்தாலே சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள்.)

கிட்_லென்ஸ்_குமரன் | திங்கள், மாலை 5.48

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். என்னிடம் கேமராவோடு சேர்ந்து வந்த கேனான் 55-250 கிட் லென்ஸ்தான். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு "2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர்" என்று வருகிறதே, அது ஆகுமா?

பழையாறு | திங்கள், மாலை 6.20

தம்பி, நீங்கள் பார்த்தது லென்ஸுக்கு முன்னால் ஃபில்டர் மாதிரித் திருகுகிற கண்ணாடியாக இருக்கும். நாங்கள் பேசுவது பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் போடுவது. முன்னால் திருகுவதில் வெளிச்சம் குறையாது, அது உண்மை. ஓரமெல்லாம் கலங்கி, கருப்பு விளிம்பில் ஊதாக் கோடு ஓடும். இரண்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு பெட்ரோல் போட்டுப் பறவைக்குப் பக்கத்தில் போங்கள்.

கேனானின் சொந்த டிசி உங்கள் லென்ஸில் மாட்டவே மாட்டாது. அதன் முன்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், உள்ளே இடம் உள்ள பெரிய லென்ஸுக்குத்தான் அது போகும். நிக்கான் டிசியில் தப்பான லென்ஸ் ஏறாமல் இருக்க ஒரு சின்ன உலோகப் பல் வைத்திருக்கிறார்கள். அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டு மாட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தர் அப்படி மாட்டினார். கண்ணாடியும் கண்ணாடியும் முட்டி, லென்ஸின் பின்பக்கம் நடுவில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. சூரியன் எதிரே இருந்தால் இப்போதும் அந்தக் கோடு படத்தில் மின்னும்.

முட்டம்_முனை | திங்கள், இரவு 8.02

பறவையை விடுங்கள், சித்திரா பௌர்ணமி வருகிறது. கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் நிலா எழும்புகிறதை எடுக்க டிசி உதவுமா? போன வருசம் கரையில் நின்று எடுத்தேன். சிலை ஆனை மாதிரி, நிலா நெல்லிக்காய் மாதிரி.

பழையாறு | திங்கள், இரவு 9.37

அண்ணே, அதற்கு டிசி மருந்து இல்லை. டிசி சிலையையும் நிலாவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும், ஆனையும் நெல்லிக்காயும் அப்படியேதான் இருக்கும். நிலாவைப் பெரிதாகக் காட்டணும் என்றால் சிலையை விட்டு நீங்கள் பின்வாங்கணும்.

சிலை பீடத்தோடு 133 அடி, ஏறக்குறைய நாற்பதரை மீட்டர். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம். சிலையும் அரை டிகிரிக்குள் அடங்கணும் என்றால் நாலரை கிலோமீட்டர் தள்ளி நிற்கணும். கரையோரமாக மேற்கே நடையைக் கட்டுங்கள். நிலா எழும்புகிற திசை மாசத்துக்கு மாசம் மாறும், அதனால் எந்த இடத்தில் நின்றால் சிலைக்கு நேர் பின்னால் வரும் என்று முதல் நாளே ஆப்பில் பார்த்து, போய் நின்றும் பார்த்துவிடுங்கள். நாலரை கிலோமீட்டரில் நூறு மீட்டர் தவறி நின்றால் நிலா தன் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

டிசி இங்கேதான் உள்ளே வருகிறது. 500-இல் நிலா சென்சாரில் நாலரை மி.மீ. வட்டம்தான். 700-இல் 6.4. பறவை இல்லை, பறக்காது, டிரைபாடில் வைத்து லைவ் வியூவில், அதாவது பின்திரையில், சிலையின் விளிம்பைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யலாம், நடுப்புள்ளித் தொல்லையும் இல்லை. ஒன்று மட்டும்: நிலா தன் அகலத்தை இரண்டே நிமிசத்தில் தாண்டிவிடும். லென்ஸ் மாற்றுகிறேன், டிசி மாட்டுகிறேன் என்று அந்த நேரத்தில் குனியாதீர்கள்.

மார்த்தாண்டம்_மழை | திங்கள், இரவு 9.50

பௌர்ணமி அன்றைக்குச் சூரியன் விழுகிற நேரத்தில் நிலா எழும்புவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். நமக்கு இரண்டு பக்கமும் கடல், அதனால்தான் கூட்டம். அந்தக் கூட்டத்தில் டிரைபாட் வைக்க இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நாலரை கிலோமீட்டர் தள்ளி நிற்பதில் அதுவும் ஒரு லாபம்.

உப்பளத்து_நிழல் | செவ்வாய், காலை 7.10

மறந்துவிட்டேன், உப்பு. டிசி போட்டால் பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு இணைப்பு இருந்தது இரண்டாகிறது. ஆடி மாதக் காற்றில் மணக்குடி முகத்துவாரத்தில் நின்றால் உதட்டை நக்கினாலே கரிக்கும், அந்தக் காற்றுதான் இணைப்புக்குள்ளும் போகிறது. வெளியில் நின்று மாட்டாதே. வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாட்டு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸ் உடம்பு, இணைப்பு வளையம் எல்லாம் துடை, பிறகு காய்ந்த துணி. என் பழைய டிசி ஒன்றில் செம்பு நிறப் புள்ளி வரிசையில் பச்சை பிடித்து, பாடி அதை அடையாளமே காணவில்லை. இன்றைக்கு மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

தேரூர்_கொக்கு | அடுத்த ஞாயிறு, இரவு 8.44

ஒரு வாரம் வைத்து அடித்துவிட்டேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள் படம் எல்லாமே சொதப்பல். எதை எடுத்தாலும் பறவைக்குப் பின்னால் இருக்கிற புல் கூர்மை. வாங்காதே என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, ஃபைன் ட்யூன் (ஃபோகஸ் முன்பின் விழாமல் கேமராவில் செய்கிற திருத்தம்) டிசி இல்லாமல் செய்தது. மொட்டைமாடியில் பழைய காலண்டர் அட்டையைச் சாய்த்து வைத்து, லைவ் வியூவில் ஒன்று, வியூஃபைண்டரில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்து டிசியோடு தனியாகச் சரி செய்தேன். ஆளே மாறிவிட்டது.

வியாழன் காலை ஏழு மணிக்கு சுசீந்திரம் குளம். தாமரை இலை மேல் நீளவால் இலைக்கோழி, இருபத்தைந்து மீட்டர் இருக்கும். மோனோபாட், 1/1250, ஐஎஸ்ஓ 1600. டிசி இல்லாமல் எடுத்து வெட்டியதில் கண் ஒரு கருப்புப் பொட்டு. டிசியோடு எடுத்ததில் அந்தக் கண்ணுக்குள் வானமும் கரையில் நிற்கிற தென்னையும் தெரிகிறது. நான் நிற்பதுகூடத் தெரிகிறதோ என்று தேடினேன்.

பூநாரை வரவே இல்லை. அதே இடத்தில் கூழைக்கடா நின்றது, அதை எடுத்தேன். ஆறே முக்காலுக்கு எடுத்ததில் டிசி கொஞ்சம் மேல். எட்டரைக்கு எடுத்ததில் டிசிப் படத்தையும் கிராப்பையும் பெயரை மறைத்து என் தங்கச்சியிடம் காட்டினேன். கிராப்தான் நல்லது என்று கை காட்டினாள். நிழல் அண்ணாச்சி, உப்பு அம்பாரக் கோடு அப்போது துள்ளிக்கொண்டுதான் இருந்தது, பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

பறக்கிற மீசை ஆலா: நூற்றுப் பத்து படம், தேறியது இரண்டு. டிசி இல்லாமல் எப்போதும் மூன்றில் ஒன்று தேறும்.

யாரும் சொல்லாத ஒன்று. இந்த லென்ஸ் 2.2 மீட்டருக்கு மேல் எங்கேயும் ஃபோகஸ் ஆகும். டிசி போட்டாலும் அதே 2.2-தான், ஆனால் உருவம் 1.4 மடங்கு. குளக்கரையில் கோரைப்புல் நுனியில் ஒரு சிவப்புத் தட்டான். இரண்டரை மீட்டர் தூரத்தில் நடுவில் காற்றும் இல்லை, கானலும் இல்லை. இறக்கையில் ஒவ்வொரு கண்ணறையும் எண்ணலாம், ஒரு ஓரத்தில் சின்னக் கிழிசல்கூட. நானூறு மீட்டரைப் பக்கத்தில் கொண்டுவர வாங்கப் போனேன், இரண்டரை மீட்டரில் இருந்ததுதான் வாயைப் பிளக்க வைத்தது.

பழையாறு | அடுத்த ஞாயிறு, இரவு 9.05

தட்டான் படத்தைப் போடு முதலில்! வாங்கினாயா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

தேரூர்_கொக்கு | அடுத்த ஞாயிறு, இரவு 9.11

வாங்கிட்டேன் அண்ணே. ஐந்நூறு ரூபாய் குறைத்தார். படம் நாளைக்குப் போடுகிறேன், கரண்ட் போய்விட்டது.

கிட்_லென்ஸ்_குமரன் | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

அண்ணே, அந்த ஆளிடம் கேனானுக்கு 400 ஏதாவது பழசு இருக்குமா, கேட்டுச் சொல்ல முடியுமா? இரண்டாயிரம் ரூபாயில் பாதி பெட்ரோலுக்குப் போய்விட்டது.